இணையச் சுதந்திரமும் அரசின் கட்டுப்பாடும்: பாலக்காட்டு எல்லையோரத் தமிழர் கேட்ட கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இங்குள்ள வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்காகச் சட்டத்தையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்து நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் தென்னையேறுபவர், பால் சொசைட்டியில் கணக்கு எழுதுபவர், தினமும் கோவைக்குப் பேருந்தில் போய்வரும் கல்லூரி மாணவிகள் எனப் பலரும் உண்டு. நான் வழக்கறிஞன் அல்லன். ஆகவே, வழக்கென்று வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பார்ப்பதே முறை.

வீட்டுக்குக் கேபிள் வந்து, கைப்பேசியில் ரீசார்ஜும் இருந்தால் அதுவே இணையச் சுதந்திரம் ஆகிவிடாதா?

ஆகாது. இணைப்பு இருந்தால்தான் மற்றதெல்லாம் என்பது உண்மை. கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டபோது, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காகச் சொன்னார்கள். முதற்கட்டத்தில் தொகுதிக்கு 100 வீடுகள் வீதம் 14,000 வீடுகள் என்று கணக்கு வகுத்தார்கள். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால், அந்த இணைப்பின் வழியாக விரும்பியதைப் படிக்க முடிகிறதா, மனத்தில் பட்டதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா, மகளோடு பேசும் பேச்சை மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்கவில்லை என்று நம்ப முடிகிறதா என்பவையும் சுதந்திரத்தைச் சேர்ந்த கேள்விகளே. இணைப்பைத் தரும் அரசின் கையில்தான் அதைத் துண்டிக்கும் அதிகாரமும் இருக்கிறது. எனவே அந்த அதிகாரத்துக்கு எல்லை எது என்று நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அரசு இதில் தலையிடச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) பிரிவு அதன்மேல் நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு அனுமதி தருகிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவையே அதற்கான காரணங்கள். இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "அரசுக்குச் சங்கடம்", "அமைச்சரைக் கேலி செய்தது" என்ற காரணங்கள் அதில் இல்லை. ஒரு செய்தி பொய் என்பதுகூடத் தனிக் காரணமாக இல்லை. அந்தப் பொய் கலவரத்தை மூட்டினால் பொது ஒழுங்கின் கீழும், ஒருவருடைய பெயரைக் கெடுத்தால் அவதூறின் கீழும் வரும். அரசு எதையாவது தடுத்தது என்று கேள்விப்பட்டால், இவற்றுள் எந்தக் காரணத்தின் கீழ் தடுத்தது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எல்லையோரத்தில் ஒரு வதந்தி போதும், ஊரே பற்றிக்கொள்ளும். அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது, இருக்கவும் கூடாது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாறு அணை குறித்து எழுந்த பதற்றத்தில், இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் பிள்ளைகுட்டிகளோடு மலையிறங்கித் தேனிப் பக்கம் போனதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதி ஊரார் அடித்துக் கொன்றார்கள். அப்போது பல மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியே அதற்குக் காரணம். அதே ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, தமிழகக் காவல்துறை இந்தியிலும் மறுப்பு வெளியிட்டது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் பதிந்தது. யாருடைய இணைப்பையும் துண்டிக்காமலேயே அந்தப் பதற்றம் தணிந்தது.

எங்கள் பகுதியில் இது ஆண்டுதோறும் நடக்கும் பாடம். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேர வேண்டும். நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில், "தமிழ்நாட்டுக்காரர்கள் மதகை அடைத்துவிட்டார்கள்" என்று யாரோ ஒருவரின் குரல்பதிவு குழுவுக்குக் குழு பாயும். தமிழ் பேசும் எங்களுக்கு அன்று கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதே பாடாகிவிடும். மணக்கடவில் அன்று வந்த தண்ணீரின் கணக்கை ஒருவர் எடுத்துப் போட்டதும் குழு அடங்கிவிடும். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். வதந்திக்கு மருந்து உண்மைக் கணக்குதான். இணையத்தை நிறுத்தினால் முதலில் நின்றுபோவது அந்தக் கணக்கு.

"நெட்டை நிறுத்திவிட்டார்கள்" என்கிறார்களே, அந்த உத்தரவை யார் போடுகிறார்கள்? எத்தனை நாளுக்குப் போட முடியும்?

2017இல் இதற்கென்று தனி விதிகள் வந்தன. அதற்கு முன்பு பல இடங்களில் ஆட்சியர்களே 144 தடை உத்தரவின் கீழ் இணையத்தை நிறுத்தி வந்தார்கள். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 நவம்பரில் புதிய விதிகள் வந்தன. இவற்றின்படி ஒன்றிய உள்துறைச் செயலாளரோ மாநில உள்துறைச் செயலாளரோதான் உத்தரவிட வேண்டும். தவிர்க்கவே முடியாத நேரத்தில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி உத்தரவிடலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் மேலதிகாரி அதை உறுதிசெய்யாவிட்டால் அந்த உத்தரவு தானாகவே செத்துப்போகும். ஓர் உத்தரவு 15 நாட்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. எந்தப் பகுதிக்கு, எத்தனை நாளுக்கு, என்ன காரணத்துக்காக என்பதை எழுத்தில் சொல்லி, உத்தரவை வெளியிட வேண்டும். ஐந்து நாட்களுக்குள் ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும்.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. குறை எங்கே என்றால், அந்த மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அரசின் செயலாளர்களே. உத்தரவு போட்ட வீட்டாரே அது சரியா என்றும் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரையாவது அதில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் துண்டிக்கப்பட்ட கைப்பேசி இணையம், 4ஜி வேகத்தில் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். இடையில் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய முடக்கமும் மாதக்கணக்கில் நீண்டது. ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க 2021இல் இணையத்தை நிறுத்தினார்கள். தேர்வறையில் மேற்பார்வையாளர் செய்ய வேண்டிய வேலைக்காக, தேர்வு எழுதாதவர்களின் வியாபாரத்தையும் சேர்த்து நிறுத்துவது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லையில் நம் கைப்பேசி ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் ஒரு நேரம் கேரளத்து டவரையும் பிடிக்கிறது. ஒரு பக்கம் முடக்கினால் நமக்கு என்ன ஆகும்?

உத்தரவு மாவட்டத்தின் பெயரால் எழுதப்படுகிறது. நடைமுறையில் நிறுத்தப்படுவதோ டவர்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் தமிழக அரசு இணையத்தை முடக்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு வாசல் களியக்காவிளை. அதைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. அந்த உத்தரவு பாறசாலைக்குப் பொருந்தாது. அலைவரிசைக்குச் சோதனைச் சாவடி கிடையாது என்பதால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்தால் அவருக்கும் இணையம் இராது. அந்தப் பக்கம் நிற்பவருக்கு இந்தப் பக்கத்து டவர் கிடைத்தால் முடக்கத்துக்கு நடுவிலும் இணையம் வரும். துப்பாக்கிச் சூடு நடந்ததோ தூத்துக்குடியில். நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு வாழைக்குலை அனுப்பும் குமரி மாவட்டத்து விவசாயி ஒருவரின் கைப்பேசியை முடக்கிப் பொது ஒழுங்கைக் காப்பாற்ற என்ன இருக்கிறது?

இணையம் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதா?

பாதி சரி. கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதற்கு இணங்க மறுத்து விடுதியிலிருந்து நீக்கப்பட்ட மாணவி தொடுத்த வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் இணைய அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின் கீழ் வரும் கல்வி உரிமை, அந்தரங்க உரிமை ஆகியவற்றின் பகுதி என்று ஏற்று, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த அளவுக்குப் போகவில்லை. காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று, இணையத்தின் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்பைப் பெற்றவை என்று சொன்னது. காலவரையற்ற முடக்கம் செல்லாது, முடக்க உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்றும் சொன்னது. இணையமே தனித்த அடிப்படை உரிமையா என்ற கேள்விக்குள் அது நுழையவில்லை.

நீதிமன்றம் நுழையாத அந்த இடத்துக்கு அரசே நம்மை இழுத்து வந்துவிட்டது. 2020இல் கொரோனாக் காலத்தில் சித்தியின் காரியத்துக்காகக் கோவைக்குப் போய்விட்டு வாளையாறு எல்லைச் சாவடி வழியாகத் திரும்பினேன். பந்தலில் நின்ற காவலர் இணையத்தில் எடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னார்; என் கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவரிடம் பட்டன் கைப்பேசிதான் இருந்தது. அவருடைய பேரன் அனுமதி எண்ணை ஒரு பீடிக்கட்டு உறையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். வியர்வையில் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்துபோயிருந்தன. தாய்மண்ணுக்கும் வீட்டுக்கும் இடையில் நடப்பதற்கே இணையம் வேண்டும் என்று ஆக்கிவிட்ட பிறகு, அதை வசதி என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

ஓர் இணையதளத்தை அரசு எப்படித் தடுக்கிறது? ஏன் தடுத்தது என்று நமக்குத் தெரியவருமா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும், 2009இல் வந்த தடுப்பு விதிகளும் இதற்கு அடிப்படை. ஒன்றிய அரசு உத்தரவிட்டதும் இணைய நிறுவனங்கள் தங்கள் பக்கத்தில் அந்த முகவரியை அடைத்துவிடும். அடைக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ஒரே வீட்டில் ஒரு சிம்மில் திறக்கும் தளம் இன்னொரு சிம்மில் திறக்காமல் போவதும் உண்டு.

இரண்டாவது கேள்விக்குப் பதில், பெரும்பாலும் தெரியவராது என்பதே. அந்த விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. 2015இல் உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவைச் செல்லும் என்று ஏற்றதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தடுப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது. எழுதிய காகிதத்தைப் பூட்டி வைத்துவிட்டால் எதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவது? வரதட்சணையைக் கேலி செய்து ஓர் இளைஞர் நடத்திய தளம் 2018இல் தடுக்கப்பட்டது. தடை உத்தரவின் நகலை அவருக்குக் கொடுத்து, அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2022 மே மாதத்தில்தான் சொன்னது. தன் கடைக்குப் பூட்டுப் போட்ட உத்தரவைப் பார்க்க ஒருவர் நான்கு ஆண்டு காத்திருந்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று விகடன். அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்ட சமயத்தில், பிரதமர் விலங்கோடு அமெரிக்க அதிபரின் பக்கத்தில் அமர்ந்திருப்பதுபோல விகடனின் இணைய இதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. 2025 பிப்ரவரி நடுவில் விகடனின் இணையதளமே பல வாசகர்களுக்குத் திறக்காமல் போயிற்று. சித்திரம் இருந்தது ஒரு பக்கத்தில். அடைபட்டதோ முழுத் தளமும். மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. 1987இல் ஆனந்த விகடனின் அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தமிழக சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தத் தண்டனை கொடியது. ஆனால் எந்தப் படத்துக்கு, யார், என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பது டீக்கடையில் பேப்பர் படித்தவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் எதிர்ப்பும் உடனே கிளம்பியது. 2025இல் வாசகருக்குத் தெரிந்ததெல்லாம், பக்கம் திறக்கவில்லை என்பது மட்டுமே. சிக்னல் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக் கைப்பேசியை அணைத்துப் போட்டவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், 2017 வரை, வாளையாற்றில் லாரிகள் மைல் கணக்கில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சாவடியைப் பற்றி நமக்கு மனக்குறை ஏராளம். ஆனாலும் சரக்கைப் பிடித்து வைத்தால் என்ன சட்டத்தின் கீழ் என்று எழுதி அதிகாரி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டை வைத்து மேல்முறையீடு செய்யலாம். ஒரு மூட்டை தேங்காய்க்குக் கிடைத்த அந்தச் சீட்டு, ஒரு கட்டுரைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

டிக்டாக் போன்ற செயலிகளைத் தடுத்ததும் இதே சட்டத்தின் கீழா?

ஆம். 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளும், செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளும் 69ஏ பிரிவின் கீழ் தடுக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் விலக்கிக்கொண்டது. அந்த வழக்கில் இரு தரப்பும் திறந்த நீதிமன்றத்தில் பேசின. காரணங்கள் தீர்ப்பில் இருக்கின்றன.

முகநூலில் எழுதியதற்காகவே கைது செய்ய முடியுமா?

எழுதியது வேறு ஒரு குற்றச் சட்டத்துக்குள் வந்தால் முடியும். சமூகங்களுக்கு இடையே பகை மூட்டுவது, அச்சுறுத்துவது போன்றவை அப்படிப்பட்டவை. "எரிச்சலூட்டியது", "சங்கடப்படுத்தியது" என்று சொல்லிக் கைது செய்ய இடம் தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, சட்ட மாணவியாக இருந்த ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அடியோடு நீக்கியது. அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் நீங்கியது. இது நம் மாநிலத்துக்கான பாடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று புதிய பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. எந்த ஊடகத்திலும் ஒருவரை இழிவுபடுத்தும் செய்தியை வெளியிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது சொன்னது. பெண்களை இணையத்தில் வதைப்பவர்களைத் தண்டிக்கவே என்று அரசு விளக்கியது. அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பிரிவின் சொற்களோ யாரையும் உள்ளே தள்ளப் போதுமானவை. ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்ததும், சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. தில்லி மட்டுமே கடிவாளம் பிடிக்கும், திருவனந்தபுரமும் சென்னையும் பிடிக்காது என்று நினைப்பது சரியல்ல என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

நீக்கப்பட்ட 66ஏ பிரிவின் கீழ் பல மாநிலங்களில் காவல்துறை தொடர்ந்து வழக்குப் பதிந்துவந்தது. இனி யார் மீதும் அப்படி வழக்கு நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதற்கு அட்மின் மாட்டிக்கொள்வாரா?

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக மாட்டமாட்டார். உறுப்பினர் போட்ட ஆட்சேபகரமான பதிவுக்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஒருவரைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே அட்மினால் முடியும் என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஊர்த் திருவிழாக் குழுவை அச்சத்தில் கலைத்துவிட்ட நண்பர் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன். அதுவும் குற்றமா?

ஆகலாம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் பகிர்ந்த, நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான ஒருவர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், பிறகு நீக்கிவிட்டேன் என்று சொல்லி வழக்கை ரத்துசெய்யக் கேட்டார். பகிர்ந்தவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூலையில் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பேச்சுரிமைக்காக வாதாடுகிற நான் இந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆராயாமல் அனுப்பும் பழக்கம்தான் இணைய முடக்கத்துக்கு அரசிடம் காரணத்தை எடுத்துக் கொடுக்கிறது.

வி.பி.என். பயன்படுத்துவது சட்டவிரோதமா?

நம் இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பி, நாம் எங்கிருக்கிறோம் என்பதை மறைக்கும் வசதி அது. அதைப் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் இல்லை. நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் அதைத் தடுக்கவில்லை. சில இடங்களில் உள்ளூர் நிர்வாகம் தற்காலிகமாகத் தடுத்ததுண்டு. 2022 ஏப்ரலில் வந்த அரசு உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் பயனாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வி.பி.என். வழியாகச் செய்தாலும் குற்றம் குற்றமே.

நம் பேச்சையும் செய்தியையும் அரசு கேட்க முடியுமா?

சட்டப்படி முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவின் கீழ், கணினித் தகவலை இடைமறித்துப் பார்க்கப் பத்து மத்திய அமைப்புகளுக்கு 2018 டிசம்பர் 20 அன்று ஒன்றிய உள்துறை அதிகாரம் தந்தது. ஒவ்வொரு முறையும் உள்துறைச் செயலாளரின் ஒப்புதல் வேண்டும். நீதிபதியின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பிற்பாடு கூட அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்ன பிறகும் நிலைமை இதுதான். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குப் பல கடமைகளை விதிக்கிறது. ஆனால் தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றி, தனிநபர் தகவல் என்று காரணம் சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. குடிமக்களைப் பற்றி அரசு அறிவது கூடுகிறது, அரசைப் பற்றிக் குடிமக்கள் அறிவது குறைகிறது. எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தத் திருப்பம்தான்.

என் பதிவை நீக்கியது அரசல்ல, நிறுவனம் என்றால் என்ன செய்வது?

2021 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்து, அவருடைய முகவரியை வெளியிட வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, விதியில் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்பதை அரசின் சரிபார்ப்புப் பிரிவே தீர்மானிக்கும் என்று 2023இல் சேர்த்த விதியைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்று நீக்கியது.

மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

இன்னும் மோசமான நாடுகள் உண்டு. ஆனால் சீனத்தைக் காட்டி நம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையைப் பார்க்கலாம். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோதும் அங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. முதல் இரண்டு முறை உயிர்களைக் காக்க என்றார்கள். மூன்றாம் முறை முடக்கியது, ஆட்சியை எதிர்த்தவர்கள் திரள்வதைத் தடுக்க.

சாதாரணக் குடிமகன் என்ன செய்ய முடியும்? எனக்கு மலையாளத்தில் எழுதக்கூடத் தெரியாதே.

தமிழிலேயே எழுதுங்கள். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இம்மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. இணையத்தை நிறுத்தும் உத்தரவு எங்கிருந்து பிறக்கிறது என்று மேலே சொன்னேன்; உள்துறைச் செயலாளர் அமர்ந்திருப்பதும் அதே தலைமைச் செயலகத்தில்தான்.

இங்கே எப்போதாவது இணையம் நின்றால், முதலில் அது டவர் பழுதா, முடக்கமா என்று இரண்டு வெவ்வேறு நிறுவன சிம்களில் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு நின்றது, எப்போது வந்தது, அதனால் என்ன கெட்டது என்று குறித்து வையுங்கள். ரேஷன் கடையில் விரல்ரேகை இயந்திரம் வேலை செய்யாமல் திரும்பி வந்தீர்களா, காய்கறி விற்ற பணம் ஜிபேயில் வராமல் நின்றதா என்பவைதாம் நீதிமன்றத்தில் எடைபோடப்படும் சேதங்கள். பிறகு மனுவில் நான்கே கேள்விகளைக் கேளுங்கள்: உத்தரவின் எண்ணும் நாளும் என்ன, கையெழுத்திட்டவர் யார், எழுதப்பட்ட காரணம் என்ன, மறுஆய்வுக் குழு கூடியது எந்த நாளில்? நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் வாசகசாலைக்கு வாருங்கள். வெள்ளைத்தாளும் பேனாவும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.